மேடை நாடகத்தைப் படமாக்கப் போகிறீர்களா? உரிமைப் பத்திரம் முதல் சென்சார் வரை

பேச்சாலேயே ஓடும் ஒரு நாடகம் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு ஹால், ஐந்தாறு பாத்திரங்கள், இரண்டு மணி நேரம், சபாக்களில் நல்ல பெயர். "ஒரே வீடு, வசனம் ரெடி, செலவும் கம்மி" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஒரே வீடு என்பது சரி. மற்ற இரண்டையும் நம்பி இறங்கியவர்கள் எடிட்டிங் அறையில்தான் விழித்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வசனம் அதிகம் என்பதற்காக எந்த நாடகமும் படமாகாமல் போவதில்லை. மேடையில் கேமரா கிடையாது. கேமரா செய்ய வேண்டிய வேலையையும் அங்கே வசனமே சுமக்கிறது. வாசலில் வருவது யார், மணி என்ன, அவர் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று எல்லாவற்றையும் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பங்கைப் பிரித்துக் கேமராவிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தாராளமாகப் பேச விடுவதுதான் இந்த வேலை. கீழே இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள். பலர் மூன்றாவது படியில் தொடங்கி, ஷூட்டிங் தேதி நெருங்கிய பிறகு முதல் படிக்கு ஓடி வருகிறார்கள்.

1. உரிமை யார் கையில் இருக்கிறது?

நாடகாசிரியர் காபி குடித்துக்கொண்டே "எடுத்துக்கோப்பா" என்று சொன்னது செல்லாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நாடகத்தைப் படமாக்கும் உரிமை ஆசிரியருக்கே உரியது (14ஆம் பிரிவு). அதைக் கைமாற்ற எழுத்தில், கையெழுத்துடன் கூடிய பத்திரம் வேண்டும் (19ஆம் பிரிவு).

ஆசிரியர் காலமாகிவிட்டார் என்றால், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை வாரிசுகளிடம் இருக்கும். 1964இல் இறந்தவர் என்றால் 2024 டிசம்பரோடு முடிந்தது. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரின் ஆண்டுதான் கணக்கு. உரிமை இன்னும் நடப்பில் இருந்தால் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் பெயர் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். "பெரிய பையன் போட்டா போதும், வீட்டில் எல்லோருக்கும் சம்மதம்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் வாரிசு இங்குள்ள ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதித் தரலாம். ஆனால் அது தூதரகம் அல்லது நோட்டரி வழியாக வந்து சேர வாரக்கணக்காகும். இந்த வேலைக்கு மட்டும் இரண்டு மாதம் ஒதுக்கி வையுங்கள்.

தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய ஆசிரியர் என்றால் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் நாட்டுடைமையானது அவர் எழுதிய மூலம். பிற்பாடு ஒரு குழு அதை மாற்றி எழுதி மேடையேற்றிய வடிவம் உங்களிடம் இருந்தால், அந்த மாற்றங்களுக்கு உரியவர் வேறு.

ஆசிரியரைத் தாண்டி உரிமை ஒளிந்திருக்கும் இடங்கள் இவை:

- நாடகக் குழு. நூறு தடவை மேடையேறிய நாடகத்தில் நடிகர்கள் சேர்த்த ஜோக்குகள் ஏராளமாக இருக்கும். அச்சான பிரதியையும் கடைசியாக நடித்த பிரதியையும் ஒப்பிடுங்கள். வேறுபடும் இடங்களுக்கு, சேர்த்தவரிடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் போதும். படம் ஓடிய பிறகு கேட்டால் அதே கடிதத்துக்கு விலை ஏறும்.
- மூலக்கதை. நாடகமே ஒரு சிறுகதையிலிருந்தோ வெளிநாட்டு நாடகத்திலிருந்தோ வந்திருக்கலாம். அப்படியானால் மூலத்துக்கு ஓர் அனுமதி, மொழிபெயர்த்தவரிடம் ஓர் அனுமதி.
- பாட்டும் பின்னணி இசையும். பாடலாசிரியர், இசையமைத்தவர் இருவருக்கும் தனித்தனி உரிமை உண்டு.
- பழைய விற்பனை. நாடகம் முன்பே டிவி தொடராகவோ படமாகவோ விலைபோயிருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டு, "இல்லை" என்ற பதிலைப் பத்திரத்திலேயே உறுதிமொழியாக வாங்குங்கள்.

புத்தகம் போட்ட பதிப்பகத்திடம் அனுமதி வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பதிப்பகத்திடம் பெரும்பாலும் அச்சிடும் உரிமை மட்டுமே இருக்கும்.

2. பத்திரத்தில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்?

முதலில் முழுத்தொகை கொடுக்காதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்கு நாடகத்தை நமக்காக வைத்திருக்கும் முன்பணமாக, மொத்தத் தொகையில் 10 விழுக்காடு அளவில் கொடுத்து 12 முதல் 18 மாதம் வாங்குவது வழக்கம். தயாரிப்பாளர் கிடைத்து ஷூட்டிங் தொடங்கும் நாளில் மிச்சம். நீட்டிக்க வேண்டுமானால் இன்னொரு சிறு தொகை. மூன்றையும் ஒரே பத்திரத்தில் எழுதுங்கள்.

காலம், இடம் ஆகியவற்றை நீங்கள் எழுதாமல் விட்டால் சட்டமே அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. உரிமைக் காலம் எழுதவில்லையா, 5 ஆண்டு என்று கொள்ளப்படும். எந்தெந்த நாடு என்று எழுதவில்லையா, இந்தியா மட்டும். வெளிநாட்டு விநியோகஸ்தர் கேட்கும்போது தலைசுற்றும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது அதே சட்டத்தின் 19(4) உட்பிரிவு: உரிமை வாங்கிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாத பட்சத்தில், உரிமை காலாவதியாகிவிடும். தமிழ்ப் படங்களுக்குப் பணம் திரட்டவே ஓராண்டு ஓடிவிடுகிறது. "19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

ஊடகங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்: திரையரங்கு, சாட்டிலைட், ஓடிடி, டப்பிங், ரீமேக், தொடர். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பத்திரம் எழுதிய காலத்தில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, பெயர் குறிப்பிட்டால் ஒழிய அந்த உரிமை போகாது.

அடுத்தது ஆசிரியரின் தலையீடு. உரிமையை விற்ற பிறகும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்க ஆசிரியருக்கு 57ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆகவே திரைக்கதையின் முதல் பிரதி முடிந்ததும், பெரிய மாற்றங்களைப் பட்டியலிட்டு (எந்தப் பாத்திரம் போகிறது, முடிவு மாறுகிறதா, எந்தக் காட்சி புதிது) அதில் ஆசிரியரின் கையெழுத்தை வாங்கிப் பத்திரத்தோடு இணையுங்கள். கருத்துச் சொல்லும் உரிமை கொடுங்கள், தடுக்கும் உரிமை கொடுக்காதீர்கள். கைதட்டல் வாங்கிய வசனத்தை வெட்ட எந்த நாடகாசிரியரும் லேசில் சம்மதிக்க மாட்டார்.

உங்கள் திரைக்கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதியலாம். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவதற்கு, இலக்கிய அல்லது நாடகப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய் கட்டணம். விண்ணப்பித்தபின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு கட்டாயம், சான்றிதழ் கைக்கு வர அதற்கு மேலும் ஆகும். தலைப்பு தனி விஷயம். நாடகத்தின் பெயரை வேறு ஒரு தயாரிப்பாளர் ஏற்கெனவே திரைத்துறைச் சங்கத்தில் பதிந்து வைத்திருக்கலாம். நாடகம் உங்களுடையது என்பதால் தலைப்பும் உங்களுடையது ஆகிவிடாது. போஸ்டர் வடிவமைக்கும் முன் விசாரியுங்கள்.

3. கடிகாரம் வைத்து வாசியுங்கள், பிறகு வண்ணம் தீட்டுங்கள்

நாடகப் பிரதியை நான்கைந்து பேர் உட்கார்ந்து சாதாரண வேகத்தில் வாசியுங்கள். நடிக்க வேண்டாம். காட்சிவாரியாக நிமிடங்களைக் குறியுங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு தமிழ் வசனப் பிரதிக்கு உதவாது, அச்சு அளவும் பேச்சு வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். படம் 110 நிமிடம் வர வேண்டுமானால், வாசிப்பில் வசனம் மட்டும் 75 நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். பார்வை, நடை, மௌனம், எதிர்வினை எல்லாவற்றுக்கும் மிச்சம் 35 நிமிடம் தேவைப்படும்.

இரண்டு மணி நேர நாடகத்திலிருந்து முக்கால் மணி நேரம் போக வேண்டும். எதை எடுப்பது? இங்கேதான் பலர் நீளமான வசனங்களாகப் பார்த்து வெட்டத் தொடங்குகிறார்கள். அது தப்பு. நீளத்தைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு வரியும் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஐந்து வண்ணப் பென்சில் போதும், ஒரு வேலைக்கு ஒரு வண்ணம்.

சேதி: நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிக்கும் வரி. "நீ பெங்களூர்லேர்ந்து வந்து மூணு மாசம் ஆச்சு, இன்னும் வேலை கிடைக்கல." கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் பேசுபவர் சொல்கிறார் என்றால் அது பார்வையாளருக்காகச் சொல்லும் சேதிதான்.

இடம்: மேடைக்கு வழிகாட்டும் வரி. "அதோ, பட்டாபி மாமாவே வந்துட்டாரே!" "மழை வேற பிடிச்சிக்கிச்சு." டெலிபோனில் எதிர்முனைப் பேச்சைத் திருப்பிச் சொல்வதும் இதில்தான் சேரும்: "என்னது? ஆக்சிடெண்ட்டா? எந்த ஆஸ்பத்திரி?"

மனசு: பாத்திரம் தன் உணர்ச்சியைத் தானே விளக்கும் வரி. தனிமொழி எல்லாம் இதில் அடங்கும்.

மோதல்: எதிரில் இருப்பவரிடமிருந்து ஏதாவது வாங்க, மறைக்க, அவரை வெட்ட, கெஞ்ச, மடக்கப் பேசும் வரி.

சிரிப்பு: ஜோக் மட்டும். ஆனால் ஒரு ஜோக் எதிராளியை மட்டம் தட்டுகிறது என்றால் அதற்கு மோதல் வண்ணம்தான்.

தீட்டி முடித்ததும் பிரதியைத் தரையில் பரப்பிப் பாருங்கள். இடம் என்ற வண்ணம் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். சேதியில் பெரும்பகுதி பொருளாக, உடையாக, அறையின் நிலையாக மாறும். மனசு கிளோசப்பிடம் போகும். மோதல் அப்படியே இருக்கும், எத்தனை பக்கமானாலும். மோதல் வண்ணம் பாதிக்கும் குறைவாக இருந்தால் அந்த நாடகத்தைப் படமாக எடுக்கும் எண்ணத்தை மறுபரிசீலனை செய்யுங்கள். மேடையில் அது நடிகரின் வசீகரத்தில் ஓடியிருக்கும், திரையில் அந்த வசீகரம் வராது. முன்பணம் 10 விழுக்காட்டோடு நின்றது நல்லதாகப் போயிற்று என்று எண்ணிக்கொள்ளலாம்.

4. ஒரு காட்சியை மாற்றிப் பார்ப்போம்

மேடையில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

மரகதம்: என்னங்க, மணி பத்தாகுது. பையன் வேலைய விட்டுட்டான்னு கேள்விப்பட்டதுலேர்ந்து ஒரு வாய் சாப்பிடாம வாசலையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க.
சபேசன்: வரட்டும் அவன். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேல ஒரு நாள் லேட்டா போனதில்ல நான். இவன் ஆறு மாசத்துல தூக்கி எறிஞ்சுட்டு வந்து நிக்கறான். மனசு ஆறலடி.
மரகதம்: அதோ, வண்டிச் சத்தம் கேக்குது. வந்துட்டான்.

வண்ணம் தீட்டினால்: மணி, வாசல், வண்டிச் சத்தம் எல்லாம் இடம். வேலையை விட்டது சேதி. "மனசு ஆறலடி" மனசு. மோதல் ஒரு சொட்டுகூட இல்லை, கணவனும் மனைவியும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

படத்தில்: மேஜையில் மூடி வைத்த தட்டு. சபேசன் வாசல் விளக்கடியில். வண்டிச் சத்தம் கேட்டதும் விறுவிறுவென்று உள்ளே வந்து, தட்டைத் திறந்து, வெகு நேரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் போல உட்கார்கிறார். மகன் செருப்பைக் கழற்றுகிறான்.

சபேசன்: ஆபீஸ்ல வேலை அதிகமோ?
மகன்: ஆமாம்ப்பா.

இப்போது இரண்டே வரியில் மோதல் வந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியும், தெரிந்ததை மறைக்கிறார், மகன் பொய் சொல்கிறான். வேலை போன சேதியைப் பார்வையாளர் இதற்கு முந்தைய காட்சியில் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அதற்குப் பத்து வினாடி போதும். அந்த முப்பத்திரண்டு வருஷ ரயில்வே வசனத்தைத் தூக்கி எறியாதீர்கள். பின்னால் அப்பாவும் மகனும் நேருக்கு நேர் கத்திக்கொள்ளும் காட்சியில் அதை மகன் முகத்துக்கு நேரே வைத்தால், இங்கே சேதியாக இருந்த அதே வரி அங்கே ஆயுதம் ஆகிவிடும். நல்ல வசனங்களில் பாதிக்கு இடமாற்றமே போதும்.

இந்த வேலைக்கு முதல் பிரதிக்கே பத்து முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். "வசனம் ரெடி" என்று திரைக்கதைக்கு இரண்டு வாரம் ஒதுக்குகிற தயாரிப்பாளரிடம், தீட்டிய பிரதியைக் காட்டுங்கள்.

5. வெளியே போகலாமா?

எல்லோரும் விழும் குழி இது. நாடகம் போலத் தெரியக் கூடாது என்பதற்காக, ஹாலில் நடந்த அதே பேச்சைக் கடற்கரைக்கும் காருக்கும் கோயில் பிரகாரத்துக்கும் கொண்டு போகிறார்கள். பேச்சு அதேதான், பின்னால் அலை அடிக்கிறது. செலவு ஏறும், காட்சியின் இறுக்கம் போகும். நாடகத்தின் பலமே அந்த அடைபட்ட தன்மை, அதைக் கலைக்கக் கூடாது என்பது ஹிட்ச்காக்கின் கட்சி. 1954இல் அவர் எடுத்த 'டயல் எம் ஃபார் மர்டர்' கிட்டத்தட்ட முழுக்க ஒரு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

வெளியே போகவோ, நாடகத்தில் இல்லாத காட்சியைச் சேர்க்கவோ சரியான காரணங்கள் இரண்டுதான். ஒன்று, நாடகம் முழுக்கப் பேசுகிற பொருளே வெளியில் இருக்கிறது. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' மேடையில் பஞ்சத்தைப் பேச்சில் உணர்த்த வேண்டியிருந்தது. 1981இல் கே. பாலசந்தர் அதைப் படமாக்கியபோது வறண்ட நிலத்தையும் தண்ணீருக்கு நடக்கும் தூரத்தையும் காட்ட முடிந்தது. அங்கே வெளிப்புறம் அலங்காரம் அல்ல, கதையே அதுதான். அந்தத் திரைக்கதை தேசிய விருதும் பெற்றது. இரண்டாவது காரணம், உள்ளே இருப்பவர்கள் மேல் விழும் அழுத்தம் மேடையில் காணாமல் இருக்கிறது. டேவிட் மாமெட் தன் 'க்ளென்காரி க்ளென் ராஸ்' நாடகத்தை 1992 படத்துக்காக எழுதியபோது, விற்பனையாளர்களைத் தலைமை அலுவலகத்து ஆள் ஒருவன் வந்து மிரட்டும் காட்சியைப் புதிதாகச் சேர்த்தார். நாடகத்தில் அது இல்லை. அதிலும் பேச்சுதான், அலுவலகத்துக்குள்ளேதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஆட்கள் பேசும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பயம் வந்துவிடுகிறது.

சோதனை எளிது. இடம் மாறியதால் இருவரில் யார் கை ஓங்குகிறது என்பது மாறுகிறதா? மாமனார் தன் வீட்டு ஹாலில் பேசுவதும், மருமகன் வேலை செய்யும் கடையில், வாடிக்கையாளர்கள் பார்க்கப் பேசுவதும் வேறு வேறு. மாறாவிட்டால் ஹாலிலேயே எடுங்கள்.

6. ஒத்திகைக்குப் பணம் ஒதுக்குங்கள்

ஒரே வீட்டில் எடுப்பதால் மிச்சமாகும் பணம் இங்கே வர வேண்டும். பத்து முதல் பதினான்கு நாள் ஒத்திகை, நடிகர்களுக்குப் பேட்டாவுடன். கடைசி நான்கு நாள் ஷூட்டிங் நடக்கும் வீட்டிலேயே. ஒத்திகை பார்த்த யூனிட் ஒரு நாளில் ஐந்து நிமிடப் படம் எடுக்கும். பார்க்காத யூனிட் இரண்டரை நிமிடம் எடுத்தால் அதிகம். 110 நிமிடப் படத்துக்கு 22 நாள், 44 நாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாடக நடிகர்களையே போடலாமா என்பது அடுத்த கேள்வி. வசனம் மனப்பாடமாக இருக்கும் என்பது லாபம். ஆனால் பழைய தாளத்தோடு சேர்ந்தே இருக்கும். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று குரலை எறிவார்கள், தொங்கும் மைக்கை நோக்கித் திரும்புவார்கள், சிரிப்பு வரும் இடத்தில் நிறுத்துவார்கள். "கம்மியா பண்ணுங்க" என்று சொன்னால் உயிர் போய்விடும். அதற்குப் பதில், பேசும்போது கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: துணி மடிப்பது, கீரை ஆய்வது, செல்போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டுவது. குரல் தானாக இறங்கும், உடம்பு பார்வையாளரை மறக்கும். எதிரே இருப்பவரை இரண்டடி தூரத்தில் உட்கார வைத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி முழுக் காட்சியையும் ஒருமுறை பேசச் சொல்லுங்கள்.

வட்டார, சமூகப் பேச்சைப் பொதுத்தமிழாக்கச் சொல்லி விநியோகத் தரப்பிலிருந்து யோசனை வரும். ஏற்காதீர்கள். பேச்சை நம்பி எடுக்கும் படத்தில் பேச்சின் ருசியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

7. வீடு, சுவர், ஷாட்

மேடை ஹால் முப்பது அடி அகலம் இருக்கும், நாலாவது சுவர் கிடையாது. நிஜ வீட்டு ஹால் பதினான்குக்குப் பன்னிரண்டு. அதில் ஆறு பேரும் கேமராவும் லைட்டும் நுழைந்தால் எல்லாவற்றையும் வைட் லென்ஸில் எடுக்க வேண்டியதாகி, முகங்கள் உப்பித் தெரியும். குறைந்தது இருபதுக்குப் பதினைந்து தேடுங்கள். கிடைக்காவிட்டால், கழற்றி மாட்டும் சுவர்களோடு செட் போடுவது முடிவில் மலிவு. வாடகையை ஒப்பிடும்போது, நிஜ வீட்டில் ஒவ்வொரு கோணத்துக்கும் சோபாவை நகர்த்திச் சாகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மேடையில் சோபா நடுவில், பார்வையாளரைப் பார்த்து. அதை அப்படியே வைக்காதீர்கள். நாற்காலிகளை எதிரெதிராக, கோணலாக, ஒருவர் முதுகு இன்னொருவருக்குத் தெரியும்படி போடுங்கள். முதுகைப் பார்த்துப் பேசுவது மேடையில் குற்றம், படத்தில் வரம்.

ஒரே அறையில் அலுப்புத் தட்டாமல் இருக்க, ஷாட்களுக்கு முன்கூட்டியே ஒரு போக்கு வகுக்க வேண்டும். இதற்குப் பாடம் '12 ஆங்ரி மென்'. 1954இல் டிவி நாடகமாக வந்ததை 1957இல் சிட்னி லூமெட் படமாக்கினார். முதல் மூன்றில் ஒரு பங்கைக் கண் மட்டத்துக்கு மேலிருந்தும், நடுப்பங்கைக் கண் மட்டத்திலும், கடைசிப் பங்கைக் கீழிருந்தும் எடுத்தார். லென்ஸும் போகப்போக, பின்னணியை அருகே இழுத்துக் காட்டும் நீண்ட வகைக்கு மாறியது. சுவர்கள் நெருங்குவது போலவும், கடைசியில் மேற்கூரையே தலைக்கு மேல் இறங்குவது போலவும் தோன்றும். பார்ப்பவர் காரணம் அறிய மாட்டார், மூச்சு முட்டுவது மட்டும் தெரியும். உங்கள் படத்துக்கு இதே போக்கு வேண்டும் என்பதில்லை. ஏதாவது ஒன்றைக் காகிதத்தில் முடிவு செய்யுங்கள். முதல் நாளே கிளோசப்புக்குப் போய்விட்டால் கிளைமாக்ஸுக்குப் போட ஷாட் இருக்காது.

லைட்டிங் நேரத்தைக் குறைக்க, ஒரு பக்கம் பார்க்கும் ஷாட்கள் எல்லாவற்றையும், காட்சி முன்பின்னாக இருந்தாலும், ஒன்றாக எடுத்து முடித்துவிட்டு மறுபக்கம் திரும்புங்கள். இதற்கு நல்ல கன்டின்யூட்டி ஆள் தேவை. காபி டம்ளரின் அளவு முதல் யார் எந்த வரியில் எழுந்தார் என்பது வரை குறித்து வைக்க வேண்டும். ஆறு பேர் மேஜையைச் சுற்றி இருக்கும் காட்சியில் லுக், அதாவது யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது, கண்டிப்பாகக் குழம்பும். மேஜையின் வரைபடத்தைப் போட்டு, யார் யாரைப் பார்த்து எந்த வரியைச் சொல்கிறார் என்று அம்புக்குறி இட்டுக் கேமராமேனிடம் முந்தைய நாளே கொடுங்கள். பேசுபவரின் சோலோவைவிட (அவர் ஒருவர் மட்டும் தெரியும் ஷாட்) கேட்பவரின் சோலோவுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். எடிட்டிங்கில் வசனம் வெட்ட உதவப்போவது கேட்கும் முகம்தான். அதனால்தான் முழுக் காட்சியையும் ஒரே நீள ஷாட்டில் எடுக்கும் ஆசையும் ஆபத்து. அதில் பாதி வசனத்தை வெட்ட நினைத்தால் வழியே இல்லை.

8. ஒலி

பேச்சுப் படத்துக்கு சிங்க் சவுண்டே, அதாவது நடிக்கும்போதே வசனத்தைப் பதிவதே, சரி. ஒத்திகையில் உருவான தடுமாற்றமும் இடைமறிப்பும் டப்பிங் அறையில் திரும்ப வராது. ஆனால் வீடு தேர்வு செய்யும்போது கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள், காலை எட்டு மணிக்கு ஒருமுறை, மாலை ஆறுக்கு ஒருமுறை. பள்ளிக்கூட மணி, பக்கத்து வீட்டுக் குக்கர், கட்டட வேலை, காக்கை எல்லாம் கேட்கும். ஜெனரேட்டர் வண்டியை அடுத்த தெருவில் நிறுத்த முடியுமா, கேபிள் எட்டுமா என்று பாருங்கள். ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஷாட்டின்போது நிற்க வேண்டும். நிறுத்திய ஃப்ரிட்ஜுக்குள் உங்கள் கார் சாவியை வைத்துவிடுங்கள், கிளம்பும்போது அதை எடுக்க வந்து ஃப்ரிட்ஜை மறக்காமல் போடுவீர்கள், இரவு வீட்டுக்காரரின் மாவு புளிக்காமல் தப்பிக்கும்.

ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேசும் இடங்களை சோலோ ஷாட்களில் தனித்தனியாக, மேலே விழாமல் பதியுங்கள். மேலே விழச் செய்வது எடிட்டரின் வேலை. பதியும்போதே விழுந்துவிட்டால் ஒரு வார்த்தையைக்கூட நகர்த்த முடியாது. ஒவ்வொரு அறையிலும் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் அறையின் ஒலியைப் பதிந்துகொள்ளுங்கள். இதைக் கேட்டால் யூனிட் முணுமுணுக்கும், விடாதீர்கள்.

9. சிரிப்புக்கு விட்ட இடைவெளி

மேடையில் நடிகர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பார். படத்தில் அந்த இடைவெளியை அப்படியே விட்டால், வீட்டில் தனியாகப் பார்ப்பவருக்கு அது செத்த நேரம். முழுக்க எடுத்துவிட்டால், திரையரங்கில் சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வரி கேட்காது. ஜோக்குக்குப் பின் இரண்டு வினாடி எதிராளியின் முகம், அதன் பிறகு கேட்காமல் போனாலும் நஷ்டமில்லாத ஒரு வரி, அதற்குப் பிறகே கதைக்குத் தேவையான வரி. இந்த அடுக்கைத் திரைக்கதையிலேயே எழுதிவிட்டால் எடிட்டர் உங்களை வாழ்த்துவார். நாடகத்தின் இடைவேளை இடத்தை மட்டும் மாற்றாமல் வையுங்கள். நூறு மேடையில் சோதித்துப் பார்த்த இடம் அது, நம் திரையரங்குக்கும் இடைவேளை வேண்டும்.

10. சென்சாரும் சப்டைட்டிலும்

மேடையில் சிக்கல் இல்லாமல் ஓடிய வார்த்தை சென்சாரில் நிற்கலாம். சாதிப் பெயர், தலைவர் பெயர், வசவு உள்ள வரிகளை ஷூட்டிங்குக்கு முன்பே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வசனத்தை அதே இடத்தில், அதே லைட்டில் கூடுதலாக எடுத்து வையுங்கள். சில நிமிட வேலை. பிற்பாடு மியூட் போட்டால், பேச்சையே நம்பிய காட்சியில் வாய் அசைந்து ஒலி வராத ஓட்டை பளிச்சென்று தெரியும். 2024 விதிகளின்படி யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. குடும்ப நாடகம் என்று யு எதிர்பார்த்து விளம்பரம் தயாரித்துவிடாதீர்கள். சென்சாருக்குக் கொடுக்கும் வசனப் பிரதி படத்தில் உள்ளபடி வரிக்கு வரி இருக்க வேண்டும். நாடகப் பிரதியைத் திருத்திக் கொடுக்கும் சோம்பேறித்தனம் வேண்டாம். படம் முடிந்தபின் கேட்டு எழுத ஓர் உதவி இயக்குநருக்கு ஒரு வாரம் ஆகும்.

சப்டைட்டிலைக் கடைசி வார வேலையாக வைக்காதீர்கள். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போட முடியாது, படிக்கவும் நேரம் வேண்டும். வேகமான தமிழ்ப் பேச்சில் பாதியைத்தான் ஆங்கிலத்தில் ஏற்ற முடியும். எந்தப் பாதி என்பதை முடிவு செய்ய, முன்பு தீட்டிய வண்ணப் பிரதியை மொழிபெயர்ப்பவரிடம் கொடுத்துவிட்டு, மோதல் வரிகளை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கொடுங்கள். டப்பிங் உரிமை விற்கும் எண்ணம் இருந்தால், வசனம் நீங்கலாக மற்ற ஒலி மட்டும் உள்ள ட்ராக்கைத் தனியாகக் கேட்பார்கள். சிங்க் சவுண்டில் காலடியும் டம்ளர் வைக்கும் ஓசையும் வசனத்தோடு ஒட்டியே பதிவாகியிருக்கும். அவற்றை மறுபடி உருவாக்கும் செலவை ஒலி வடிவமைப்பாளரின் ஒப்பந்தத்திலேயே சேர்த்துப் பேசி முடித்துவிடுங்கள்.